பேய் பேச ஒரு வழிப்போக்கன் வேண்டும்

கேள்வி இதுதான்: "மிகைப்புனைவு நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் வேறொரு உலகத்திலிருந்து வரும் பயணி. அவன் வந்து சேரும் நாட்டில் யார் என்ன நிறம் உடுத்தலாம், யார் எந்த வாசல் வழியாக நுழையலாம் என்பது வரை எல்லாவற்றுக்கும் சட்டம். அந்த ஊர் ஆவிகள் இரவில் அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகின்றன. ஆனால் எழுதிப் படித்தால் ஆவி தனியாகவும் ஊர் தனியாகவும் நிற்கிறது. பேய் வருகிறது, பயமுறுத்துகிறது, போகிறது. இரண்டுக்கும் முடிச்சுப் போடுவது எப்படி? இதை யாராவது நன்றாகச் செய்திருக்கிறார்களா?"

செய்திருக்கிறார்கள். 600 ஆண்டுகளுக்கு முன்னால், ஜப்பானில், நோ என்ற நாடக வகையில். வேலை நிமித்தம் சில ஆண்டுகள் அங்கே இருந்தபோது எனக்கு அதன் மேல் பித்துப் பிடித்தது. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வருவதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். எல்லாருக்கும் அந்தஸ்துப் படி வைத்து அளக்கும் சமூகத்தில் ஆவி என்பது, உயிரோடு இருந்தபோது வாய் திறக்க இடம் கிடைக்காமல் போன ஆள். உள்ளூர்க்காரர் யாரும் அதன் பேச்சைக் கேட்க முடியாது. கேட்டால் ஒரு பக்கம் சாய வேண்டிவரும். சாய்ந்தால் அவருடைய படி ஆட்டம் காணும். எந்தப் படியிலும் நிற்காத வழிப்போக்கன் மட்டும்தான் உட்கார்ந்து கேட்க முடியும். உங்கள் நாயகனுக்கு ஆவிகள் தெரிவதற்கு ஏதோ மாயக்கண் வைத்திருப்பீர்கள். தேவையே இல்லை. அவனுக்கு அந்த ஊரில் ரேஷன் கார்டு இல்லை, அது போதும்.

இனி நோ மேடைக்கு வருகிறேன். ஏறக்குறைய 6 மீட்டர் சதுரம், நாலு மூலையிலும் தூண், பின்சுவரில் ஒரு பைன் மர ஓவியம். எந்தக் கதையானாலும் அதே மரம்தான். நமக்கு இடப்பக்கம் கூரை போட்ட நீளமான பாலம் ஒன்று போகும். அதன் கடைசியில் ஐந்து நிறத் திரை. பாலத்தின் ஓரமாக மூன்று சின்னப் பைன் மரங்கள் வைத்திருப்பார்கள். திரையை நெருங்க நெருங்க மரத்தின் உயரம் குறையும். வருகிறவர் வெகு தொலைவிலிருந்து வருவதுபோலத் தோன்ற வேண்டும் என்பதற்காக. உள்ளே இரண்டு பேர் மூங்கில் கழியால் திரையைத் தூக்குவார்கள், ஆவி வெளியே வரும்.

ஆனால் முதலில் வருவது ஆவி இல்லை. வாக்கி என்ற பாத்திரம். வாக்கி என்றால் பக்கம், ஓரம் என்று பொருள். பெயரிலேயே அவர் ஓரத்து ஆள். பெரும்பாலும் ஊர் ஊராகச் சுற்றும் துறவி. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார், ஆனால் பல நாடகங்களில் பெயர்கூடச் சொல்ல மாட்டார். நாடு சுற்றும் துறவி, இன்ன ஊருக்குப் போகிறேன், அவ்வளவுதான். பிறகு பயணத்தைப் பற்றி ஒரு பாட்டு, மேடையில் நாலைந்து அடி, "வந்து சேர்ந்துவிட்டேன்" என்பார். பல நாள் பயணம் அந்த நாலைந்து அடியில் முடிந்துவிடும். அப்புறம் வலப்பக்க முன்தூணின் அருகே போய் உட்கார்ந்துகொள்வார். அந்தத் தூணுக்கே வாக்கியின் தூண் என்றுதான் பெயர். அங்கிருந்து கேட்பதுதான் அவருடைய வேலை.

நான் முதல் தடவை போனபோது தூங்கிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். என்னை எழுப்பியது பேயில்லை, காகிதம். பக்கத்தில் இருந்த பாட்டி நாடகத்தின் பாட்டுப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்து விரலால் தொடர்ந்துகொண்டிருந்தார். அரங்கில் அப்படிப் பலர். எல்லாரும் ஒரே நேரத்தில் பக்கம் புரட்டினார்கள், சரசரவென்று. கண் விழித்துப் பார்த்தால் பாலத்தின் மேல் முகமூடி போட்ட ஒருவர் பாதம் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து வந்துகொண்டிருக்கிறார். வாக்கி அதே இடத்தில், நான் தூங்கப்போகும்போது எப்படி உட்கார்ந்திருந்தாரோ அப்படியே, முதுகு வளையாமல்.

இந்த வாக்கிக்கு முகமூடி கிடையாது. அவர் எப்போதும் நிகழ்காலத்தில் உயிரோடு இருக்கும் ஆண். ஆவியாக வரும் முதன்மை நடிகருக்கு ஷித்தே என்று பெயர், முகமூடி அவருக்குத்தான். அந்த முகமூடியின் கண் துளைகள் மிகச் சிறியவை. மேடையின் விளிம்பு எங்கே என்று அவர் கண்டுகொள்வது எதிர்மூலையில் நிற்கும் ஒரு தூணை வைத்துத்தான்.

இங்கே ஒரு வேடிக்கை. ஒழுங்கில் சேராதவனின் கதையைச் சொல்லும் இந்தக் கலையே ஒழுங்கின் உச்சம். ஷித்தே நடிகர்களுக்கு ஐந்து மரபுகள், வாக்கி நடிகர்களுக்கு மூன்று மரபுகள். வாக்கி மரபில் வந்தவர் ஆயுள் முழுக்க வாக்கிதான். "ஒரு தடவை நானும் பேயாக நடிக்கிறேனே" என்று கேட்க வழியில்லை. தோகுகவா குடும்பத்து ஷோகன்கள், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவர்கள், ஆட்சிக்கு வந்த பிறகு, 17-ஆம் நூற்றாண்டில், நோ அரசு விழாக்களுக்கு உரிய கலை ஆகிவிட்டது. சில விசேஷ நாட்களில் எதோ என்ற நகரத்துச் (இன்றைய டோக்கியோ) சாமானியர்களையும் கோட்டைக்குள் விட்டுப் பார்க்க வைத்தார்கள், ஆளுக்கொரு குடையும் கொடுத்தார்கள். மற்ற நாட்களில் அந்தஸ்து வரிசைப்படி உட்கார்ந்த பிரபுக்கள் பார்ப்பார்கள். அவர்கள் பார்த்ததில் சில, அவர்களைப் போன்றவர்கள் போட்ட சட்டத்தால் செத்தவர்களின் அழுகை. அதில் இரண்டு நாடகங்களை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியது அவற்றில் இருக்கிறது.

முதலாவது உகாய், அதாவது நீர்க்காகத்தை வைத்து மீன் பிடிப்பவன். துறவி ஒருவர் துணைக்கு இன்னொரு துறவியோடு கய் மாகாணத்தின் இசாவா ஆற்றங்கரைக்கு வருகிறார். பொழுது சாய்ந்துவிட்டது. ஊர்க்காரனிடம் தங்க இடம் கேட்கிறார். வழிப்போக்கருக்கு இடம் கொடுக்கக்கூடாது என்பது இந்த ஊர்ச் சட்டம் என்கிறான் அவன். வேண்டுமானால் ஆற்றோரத்து மண்டபத்தில் படுங்கள், ஆனால் ராத்திரி அங்கே ஏதோ வெளிச்சமாக வரும் என்றும் சொல்லிவைக்கிறான். அந்த இடத்தைக் கவனியுங்கள். பேயிருக்கும் இடத்துக்குத் துறவியை அனுப்புவது பேயில்லை, ஊர்ச் சட்டம். அந்நியனை வீட்டுக்குள் சேர்க்காத ஒழுங்கு, தன்னை அறியாமலேயே அவனை, தான் கொன்றவனின் பிணம் கிடக்கும் இடத்தில் கொண்டுபோய் விடுகிறது.

ராத்திரி ஒரு கிழவன் தீப்பந்தமும் நீர்க்காகங்களுமாக வருகிறான். இந்த வயதில் உயிர்க்கொலை எதற்கு, விட்டுவிடக் கூடாதா என்று துறவி கேட்க, சின்ன வயதிலிருந்து இதுதான் பிழைப்பு, இப்போது எப்படி விட என்கிறான். அப்போது துணைத் துறவிக்கு நினைவு வருகிறது: இரண்டு மூன்று வருஷம் முன்பு இதே பக்கம் வந்தபோது இப்படி ஒரு மீனவன் என்னைத் தன் வீட்டில் தங்கவைத்து உபசரித்தானே? கிழவன் சொல்கிறான், அவன் செத்துவிட்டான். ஆற்றின் இந்தப் பகுதியில் உயிர்க்கொலைக்குத் தடை. திருட்டுத்தனமாகப் பிடித்துக்கொண்டிருந்தவனைப் பதுங்கியிருந்து பிடித்தார்கள். பாயில் சுருட்டி ஆற்றில் அமுக்கினார்கள். அந்த மீனவனின் ஆவிதான் நான்.

அடுத்து வருவதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. துறவி அவனிடம், உன் தொழிலை எங்களுக்குச் செய்து காட்டு, அதைக் கண்டு உனக்காக வேண்டிக்கொள்கிறோம் என்கிறார். ஆவி மீன் பிடிக்கத் தொடங்குகிறது. எந்தக் குற்றத்துக்காகக் கொன்றார்களோ அதையே செய்கிறது, செய்யச் செய்ய அதற்குக் குஷி வந்துவிடுகிறது. காகங்கள் மூழ்கி எழுகின்றன, மீன் மேல் மீன், பாவமாவது தண்டனையாவது, எல்லாம் மறந்துபோகிறது. கடைசியில் நிலா எழுகிறது. நிலா வெளிச்சத்தில் பந்தத்தின் வெளிச்சம் எடுபடாது, மீன் வராது. தொழில் படுத்துவிட்டது. அவ்வளவுதான், ஆவி இருட்டுக்குள் திரும்பிப் போகிறது. நிலா வந்ததற்காக வருந்தும் ஒரு பேய்! உங்கள் ஆவிகளில் ஒன்றுக்காவது இப்படித் தன் வேலையின் மேல் ஆசை இருக்கிறதா என்று பாருங்கள்.

பிற்பாதியில் எமலோகத்து அதிகாரி வந்து கணக்குச் சொல்கிறார். பாவத்தை எழுத இரும்புத் தகடு, புண்ணியத்தை எழுதப் பொன் தாள். மீனவனுக்கு இரும்புத் தகடு நிறைந்துவிட்டது, பொன் தாளில் எழுத ஒன்றுமில்லை. ஆனால் முன்பு ஒருநாள் ஒரு துறவியைத் தங்கவைத்தானே, அந்த ஒன்றுக்காக அவனை மேலே அனுப்புகிறோம் என்கிறார். ஊர்ச் சட்டம் எதைக் கூடாதென்று சொன்னதோ, அந்நியனுக்கு இடம் கொடுப்பது, அதுதான் அவனைக் கரையேற்றுகிறது. மேலுலகமும் ஒரு தாலுகா ஆபீஸ்தான்; ஆனால் அங்கே வேறு பேரேடு.

இரண்டாவது நாடகம் உதோ. உதோ என்பது ஒரு கடற்பறவை. நாடகம் சொல்லும் கதைப்படி, தாய்ப்பறவை மணலில் மறைத்து வைத்த குஞ்சை "உதோ" என்று அழைக்கும், குஞ்சு "யசுகதா" என்று பதில் கொடுக்கும். வேடன் தாயின் குரலில் கூப்பிடுவான். குஞ்சு ஏமாந்து குரல் கொடுத்தால் பிடிபட்டது. தாய் மேலே பறந்து சுற்றி ரத்தக் கண்ணீர் வடிக்கும். அது மேலே படாமல் இருக்க வேடன் ஓலைத்தொப்பியும் வைக்கோல் போர்வையும் போட்டுக்கொள்வான்.

துறவி ததேயமா மலையில் ஒரு கிழவனைச் சந்திக்கிறார். வட கோடியில் சொதோநோஹமா கடற்கரையில் போன இலையுதிர்காலத்தில் செத்துப்போன வேடனின் வீட்டுக்குப் போங்கள், அங்கே இருக்கும் தொப்பியையும் போர்வையையும் அவனுக்காகப் படைக்கச் சொல்லுங்கள் என்கிறான். வெறும் வாய்ச்சொல்லை அவர்கள் நம்ப வேண்டுமே? கிழவன் தன் சட்டைக் கையைக் கிழித்துக் கொடுக்கிறான். துறவி அதை எடுத்துக்கொண்டு போகிறார். மனைவி, செத்தவனின் உடுப்பை எடுத்து வருகிறாள். ஒரு கை இல்லை. கொண்டுவந்த துண்டை வைத்துப் பார்த்தால் நூலுக்கு நூல் பொருந்துகிறது.

இந்தச் சட்டைக்கையை உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஆவியை நிரூபிக்க மின்னலும் காற்றும் வேண்டாம். ஒரு கிழிந்த துணி, இன்னொரு துணியோடு பொருந்தினால் போதும். சான்று இல்லாமல் எதுவும் நடக்காத நாட்டில் ஆவியும் சான்றோடுதான் வர வேண்டும் என்பது எவ்வளவு நியாயம்!

பிறகு வேடனின் ஆவியே வருகிறது. தன் குழந்தையின் தலையைத் தடவ எட்டுகிறது, நடுவில் மேகம் போல ஏதோ மறைத்துவிடுகிறது. அதன் புலம்பலில் ஓரிடம் உங்களுக்கென்றே எழுதியது போல இருக்கும். போர்வீரன், உழவன், கைவினைஞன், வணிகன் என்ற நாலு வகைக் குடும்பம் எதிலும் நான் பிறக்கவில்லை. இசை, ஓவியம் என்று ரசித்து வாழும் வசதியும் வாய்க்கவில்லை. விடிந்தால் கொலை, அடைந்தால் கொலை என்றே போயிற்று என்கிறது. அதாவது ஏணியின் கடைசிப் படியில்கூட அவன் இல்லை. ஏணியைச் சாத்திவைத்த தரையில் இருந்தவன். முடிவில் அவனுக்கு விடுதலை கிடையாது. நரகத்தில் பறவைகள் பருந்தாகி, இவன் அவை துரத்தும் பறவையாகி, துறவியே காப்பாற்றுங்கள் என்ற குரலோடு மறைந்துபோகிறான். துறவி என்ன செய்தார்? துணியைக் கொண்டுவந்து கொடுத்தார், வேண்டிக்கொண்டார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

உங்கள் நாயகன் ஒவ்வோர் ஆவியையும் விடுவித்துக்கொண்டே போகிறானா என்று தெரியவில்லை. அப்படியானால் தயவுசெய்து ஓரிருவரையாவது அவனால் காப்பாற்ற முடியாமல் விடுங்கள்.

சரி, வழிப்போக்கனே இல்லாமல், ஒழுங்குக்கு உள்ளே இருப்பவர்கள் மட்டும் ஆவியை எதிர்கொண்டால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு நாடகம் உண்டு; பட்டு முரசு என்று தமிழில் சொல்லலாம். அரண்மனைத் தோட்டத்தில் இலை கூட்டும் கிழவன், அரசரின் துணைவியை ஒருமுறை பார்த்துவிட்டு மனசைப் பறிகொடுக்கிறான். விஷயம் அரண்மனைக்குத் தெரிகிறது. திட்டவில்லை, அடிக்கவில்லை. குளக்கரை மரத்தில் ஒரு முரசைத் தொங்கவிட்டு, இதை அடி, சத்தம் அரண்மனைக்குக் கேட்டால் அம்மையார் மறுபடி முகம் காட்டுவார் என்கிறார்கள். அடிக்கிறான், அடிக்கிறான், சத்தமே வரவில்லை. முரசில் தோலுக்குப் பதிலாகப் பட்டுத்துணி கட்டியிருக்கிறார்கள். கிழவன் குளத்தில் விழுந்து சாகிறான். ஆவியாக வந்து அந்த அம்மையாரின் கையில் கோலைக் கொடுத்து, இப்போது நீ அடி, சத்தம் வருகிறதா பார் என்கிறான்.

இதில் வாக்கி துறவி இல்லை, அரண்மனை அதிகாரி. கிழவனுக்குக் கட்டளையைக் கொண்டுவந்து சொன்னவரே அவர்தான். கேட்பதற்கு வெளியாள் இல்லாததால் ஆவி ஆறவில்லை. மனக்கசப்போடு குளத்துக்குள் திரும்புகிறது. என் வாதத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது என்று பெருமைப்படப் பார்த்தால், இதே கருவில் இன்னொரு நாடகம் குறுக்கே நிற்கிறது. அதில் முரசுக்குப் பதில் பாரம்: ஜரிகைத் துணியில் சுற்றிய பாறை. அதிலும் வாக்கி அதிகாரிதான். ஆனால் செத்த கிழவன் கோபமெல்லாம் தீர்ந்து, இனி உனக்குக் காவலாக இருப்பேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போகிறான். எனக்கு அந்த முடிவு ஒட்டவில்லை. பட்டு முரசின் கிழவன் பக்கம்தான் நான்.

இரண்டு கதையிலும் ஒன்று பொது. ஆவி சட்டத்தை மீறவில்லை. அடிக்கச் சொன்னார்கள், அடித்தான். தூக்கச் சொன்னார்கள், தூக்கப் பார்த்தான். வாக்கை மீறியது மேலே இருந்தவர்கள். "சட்டம் போட்டீர்களே, நீங்கள் ஏன் அதன்படி நடக்கவில்லை?" என்று கேட்கும் ஆவி, சட்டத்தை உடைக்கும் ஆவியைவிட ஆட்சியாளனுக்குப் பெரிய தலைவலி. உங்கள் நாட்டில் ஆவிகள்தான் விதிமுறைகளைக் கடைசி வரை பிடித்துக்கொண்டிருப்பவர்கள் என்று வைத்தால் கதையின் முடிச்சு தானாக விழும்.

அரசாங்கமே ஆவியை எதிர்கொண்ட கதை ஒன்று உண்டு. அது நாடகமில்லை, வரலாற்றில் பதிவானது. நீங்கள் கேட்ட நிறச் சட்டமும் அதில் வருகிறது. ஹெயான் காலத்து (8 முதல் 12-ஆம் நூற்றாண்டு வரை) அரண்மனையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பதவிப்படி. படிக்கு ஏற்ற உடை நிறம். சில நிறங்கள் அனுமதியில்லாமல் தொடவே கூடாதவை. சுகவாரா நோ மிச்சிசானே என்ற பண்டிதர் தன் படிப்பால் மேலேறி வலது அமைச்சர் ஆனார். அவருக்கு மேலே இடது அமைச்சராக இருந்த ஃபுஜிவாரா நோ தொகிஹிரா அவர் மேல் பழி சுமத்தினார். 901-ல் மிச்சிசானேயைத் தலைநகரிலிருந்து வெகுதூரம் தள்ளி, தசைஃபு என்ற தென்மேற்கு ஊருக்குப் பெயருக்கு ஒரு பதவி கொடுத்து விரட்டினார்கள். 903-ல் அங்கேயே செத்தார்.

அப்புறம் தொடங்கியது. 909-ல் தொகிஹிரா இளம் வயதிலேயே போய்ச் சேர்ந்தார். 923-ல் பட்டத்து இளவரசர் செத்தார். 930-ல் அரண்மனையில் இடி விழுந்து உயர் அதிகாரிகள் மாண்டார்கள். அதைப் பார்த்து நோயில் விழுந்த பேரரசர் டைகோ சில மாதங்களில் இறந்தார். எல்லாரும் மிச்சிசானேயின் ஆவி என்றார்கள். அரசு என்ன செய்தது தெரியுமா? மந்திரவாதியை மட்டும் நம்பவில்லை, கோப்பைத் திறந்தது. 923-லேயே நாடுகடத்தல் ஆணையை ரத்து செய்து பழைய பதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். போதவில்லை. 993-ல், செத்து 90 வருஷம் கழித்து, முதல்நிலைப் படியும் பேரமைச்சர் பதவியும் கொடுத்தார்கள். பேய்க்குப் பிரமோஷன். இன்று அவர் தெஞ்ஜின், கல்விக்கான தெய்வம். பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகள் அவருடைய கோயிலில்தான் வேண்டுதல் பலகை கட்டுகிறார்கள்.

படிக்கட்டுக்கு வெளியே ஓர் ஆள் நிற்பதை அந்த அரசால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, செத்த ஆளாக இருந்தாலும் சரி. அதனால் அவரையும் ஒரு படியில் ஏற்றி உட்காரவைத்துவிட்டது. உங்கள் கதையில் அதிகாரிகளுக்கு ஆவிகள் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியும், பதிவேடும் வைத்திருக்கிறார்கள், பெரிய இடத்துப் பேய்க்குப் பதவி, மீனவன் பேய்க்கு ஒன்றும் இல்லை என்று மாற்றிப் பாருங்களேன். பயணிக்கு வேலை அந்த இடைவெளியில்தான்.

நீங்கள் நேரடியாகக் கேட்காத ஒன்று: இப்படிப்பட்ட நாட்டுக்குள் பயணி எப்படி நடமாட முடிகிறது? தோகுகவா காலத்தில் நெடுஞ்சாலைகளில் சோதனைச் சாவடிகள் இருந்தன. ஹகோனே சாவடி அதில் பேர் போனது. உள்ளே வரும் துப்பாக்கி, வெளியே போகும் பெண், இந்த இரண்டையும் பிடி என்பது இந்தச் சாவடிகளைப் பற்றிய பழமொழி மாதிரி. 1635 முதல் பிரபுக்கள் முறைவைத்துத் ஷோகனின் தலைமையிடமான எதோவில் வந்து தங்க வேண்டும் என்பது சட்டம். அவர்களுடைய மனைவி மக்கள் எதோவிலேயே, ஏறக்குறையப் பணயக்கைதிகளாக. துப்பாக்கி உள்ளே வந்தால் கலகம். பெண் வெளியே நழுவினால் கலகத்துக்கு முன்னேற்பாடு. இந்தச் சாவடிகளுக்கு நடுவே துறவிக்கோலம் ஓரளவு பாதுகாப்பு.

கவிஞர் பாஷோ 1689-ல் வடக்கே பெரும் பயணம் போனதும் துறவி உடையில்தான். ஆனால் அந்தக் கோலம் எல்லாக் கதவையும் திறந்துவிடவில்லை. 1684-ல் ஜப்பானின் பூர்வ மதமான ஷிந்தோவின் இசே கோயிலுக்குப் போனபோது தலை மழித்திருந்ததால் பௌத்தத் துறவி என்று கணக்கில் வைத்து, சன்னதிக்கு அருகே விடவில்லை. அவரோ முழுத் துறவியும் இல்லை, இல்லறத்தானும் இல்லை. இரண்டு பட்டியலிலும் பெயர் இல்லாதவன் சாலையில் எளிதாகப் போவான், வாசலில் மாட்டிக்கொள்வான். உங்கள் நாயகன் எல்லா இடத்திலும் தடையில்லாமல் நுழைகிறான் என்றால் அந்த நாட்டின் இறுக்கத்தை வாசகர் நம்ப மாட்டார்.

கடைசியாக, ஆவியைக் காட்டுவதா வேண்டாமா என்ற கேள்வி. இது அப்பாவுக்கும் மகனுக்கும் நடந்த சண்டை. நோவின் மூளை என்று சொல்லத்தக்கவர் ஸெயாமி. அவர் மகன் மொதொமசா சுமிதா ஆறு என்ற நாடகத்தை எழுதினார். ஆள்கடத்தல்காரன் தூக்கிப்போன மகனைத் தேடித் தாய் ஒருத்தி அன்றைய தலைநகர் கியோத்தோவிலிருந்து கிழக்கே நடந்து வருகிறாள். ஓடக்காரன், நீ பைத்தியம்தானே, ஆடிக்காட்டு, இல்லாவிட்டால் ஏற்ற மாட்டேன் என்கிறான். எப்படியோ ஏறுகிறாள். அக்கரையில் கூட்டம் கூடிப் பிரார்த்தனை செய்கிறது. யாருக்கு என்று கேட்டால், போன வருஷம் இதே நாளில் இங்கே செத்துப்போன ஒரு பையனுக்கு என்கிறான் ஓடக்காரன். பெயர், வயது, அப்பா பெயர் எல்லாம் விசாரிக்கிறாள். அவள் மகன்தான். அவனைப் புதைத்த மேட்டின் முன்னால் அவளும் பிரார்த்தனையில் சேர, மேட்டுக்குள்ளிருந்து குழந்தைக் குரல் கேட்கிறது. பையன் வெளியே வருகிறான். அணைக்கப் போகிறாள், கைக்குள் எதுவும் இல்லை. விடிந்தபோது அங்கே இருப்பது புல் முளைத்த மேடு.

ஸெயாமி சொன்னார், குழந்தையை மேடைக்குக் கொண்டுவராமல் செய்தால் இன்னும் நன்றாக இருக்கும், தாய் பார்ப்பது மாயை தானே. மொதொமசா, என்னால் அப்படிச் செய்ய முடியாது என்றார். ஸெயாமி வற்புறுத்தவில்லை: செய்து பார்த்து எது நன்றோ அதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று விட்டுவிட்டார். இன்று பெரும்பாலும் குழந்தை வருகிறது. சில சமயம் குழந்தையில்லாமலும் நடிக்கிறார்கள். மொதொமசா 1432-ல் அப்பாவுக்கு முன்னால் செத்துப்போனார். இரண்டு வருஷத்தில், எழுபது வயதைத் தாண்டிய ஸெயாமியை ஷோகன் சாதோ தீவுக்கு நாடுகடத்தினார். காரணம் எங்கும் எழுதப்படவில்லை.

நான் குழந்தை வரும் சுமிதா ஆறுதான் பார்த்திருக்கிறேன். சின்னப் பையன், வெள்ளை உடை, தலையில் கறுப்பு முடி தொங்குகிறது. மேட்டிலிருந்து வெளியே வந்து தாயின் பக்கத்தில் ஓடி, அவள் கை நீளும்போது குனிந்து நழுவித் திரும்பிப் போனான். பக்கத்திலிருந்தவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். ஆனால் அதற்கு ஒரு நிமிஷம் முன்னால், மேட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்ததே, எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அப்போதுதான். ஸெயாமியின் கட்சி நான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வரைவுக்கு வருகிறேன். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் முதல் அத்தியாயத்திலேயே பேய் துரத்துகிறது போலிருக்கிறது. துரத்த வேண்டாம். நாயகன் இரவுக்கு இடம் கேட்கட்டும். வீட்டுக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், விருப்பமில்லாமல்தான் மறுக்கட்டும். அந்நியனைத் தங்கவைத்தால் அவர் உடையின் நிறம் ஒரு படி இறங்கிவிடும். ஆற்றோரத்தில் ஒரு மண்டபம் இருக்கிறது என்று கையைக் காட்டிவிட்டு, பாய் ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கட்டும். அது எந்தப் பாய் என்பதை மூன்றாம் அத்தியாயத்தில் சொல்லிக்கொள்ளலாம்.